நிர்வாகமே அணியைக் கெடுக்கும்போது: ஒரு கூடைப்பந்து ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணி தோற்றால் இவ்வளவு கோபம் எதற்கு? விளையாட்டில் வெற்றி தோல்வி சகஜம்தானே?

சகஜம்தான். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் நான் டல்லாஸ் மேவரிக்ஸ் ரசிகன். 2006 இறுதிச் சுற்றில் முதல் இரண்டு ஆட்டங்களை வென்றுவிட்டு, அடுத்த நான்கையும் மியாமியிடம் பறிகொடுத்த அணி அது. அடுத்த சீசனில் 67 ஆட்டங்கள் வென்று முதலிடத்தில் வந்தது. சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்று வெளியேறியது. அப்போதெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அணி மேல் ஒரு நாளும் வெறுப்பு வந்ததில்லை. அணியின் நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கியும் சரி, அணியை நடத்தியவர்களும் சரி, விட்டதைப் பிடிக்கத்தான் பாடுபட்டார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 2011-ல் அதே மியாமியை வீழ்த்திக் கோப்பையையும் வாங்கினார்கள்.

கோபம் வருவது வேறு இடத்தில். ஜெனரல் மேனேஜருக்கு ஒப்பந்தம் சில வருடங்கள். கோச்சுக்கு அதைவிட நிச்சயமில்லாத பிழைப்பு. ஓனருக்கு அலுத்துப்போனால் நல்ல விலைக்கு விற்றுவிடலாம். இந்த வரிசையில் பத்து வருடம் கழித்தும் அதே அணியோடு இருக்கப்போவது ரசிகன் ஒருவன்தான். ஆனால் பத்து வருடத்தைப் பாதிக்கும் முடிவுகளை எடுப்பவர்களோ, அடுத்த சீசனுக்குள் தங்கள் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலையில் இருப்பவர்கள். மோசமான நிர்வாகம் என்று நான் சொல்வதெல்லாம் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. என்.பி.ஏ.வில் இதற்கு உதாரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

நிர்வாகம் என்றால் யார் யார்?

மூன்று பேர். பணம் போடுபவர் ஓனர். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்பவர் ஜெனரல் மேனேஜர். கொடுத்த ஆட்களை வைத்து ஆடவைப்பவர் கோச். இவர்களில் முதலில் திட்டு வாங்குபவர் கோச். தவறு பெரும்பாலும் மேலே இருந்துதான் தொடங்குகிறது.

லூகா டோன்சிச்சை வேறு அணிக்குக் கொடுத்த விஷயத்தை இன்னும் விடமாட்டேன் என்கிறீர்களே?

விட முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

2024 ஜூனில் டல்லாஸ் இறுதிச் சுற்றுக்குப் போனது. பாஸ்டனிடம் 4-1 என்று தோற்றாலும், அணியைத் தூக்கிக்கொண்டு போனவர் லூகா. அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி. அதற்குள் ஐந்து முறை, சீசனின் சிறந்த ஐந்து பேர் கொண்ட 'ஆல்-என்.பி.ஏ.' முதல் அணியில் இடம் பிடித்திருந்தார். வயது 25. அதன் பிறகு எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2025 பிப்ரவரி முதல் தேதி நள்ளிரவை ஒட்டி, அவரை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. செய்தி வெளியிட்டவரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள்.

பதிலுக்கு வந்தது என்ன? அடுத்த மாதம் 32 வயது நிறையவிருந்த ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-ஆம் ஆண்டின் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் பிக். (புது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது டிராஃப்ட்; மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை. அதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் பிக்.) ஒரே ஒரு பிக்! இதற்கு ஆறு ஏழு மாதம் முன்புதான் மைக்கல் பிரிட்ஜஸை வாங்க நியூயார்க் நிக்ஸ் ஐந்து முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்திருந்தது. பிரிட்ஜஸ் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு முறைகூடத் தேர்வானதில்லை. அவருக்கு ஐந்து, லூகாவுக்கு ஒன்று.

காரணம், ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசன் சந்தைக்கே போகவில்லை. லேக்கர்ஸோடு மட்டும் பேசி, காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டார். இப்படி ஒரு ஆட்டக்காரர் கிடைப்பார் என்று தெரிந்திருந்தால் மற்ற அணிகள் என்னென்ன கொடுக்க முன்வந்திருக்கும் என்று யோசித்தாலே வயிறு எரிகிறது. தற்காப்பு ஆட்டம்தான் கோப்பையை வெல்லும் என்பது அவர் சொன்ன விளக்கம். லூகாவின் உடல்தகுதி மேல் அவர்களுக்கு அதிருப்தி இருந்தது உண்மை. அந்தக் கோடையில் லூகா டல்லாஸோடு சுமார் 34.5 கோடி டாலர் வரை ஐந்து வருட ஒப்பந்தம் போடத் தகுதி பெறவிருந்தார் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒத்துக்கொண்டாலும், ஒரே ஆளிடம் போய் விற்றதற்கு எந்த விளக்கமும் பொருந்தாது.

டேவிஸ் டல்லாஸ் சட்டையில் ஆடிய முதல் ஆட்டத்தில் 26 புள்ளி, 16 ரீபவுண்ட் எடுத்துவிட்டு, மூன்றாம் குவார்ட்டரில் காயத்தோடு வெளியே போனார். மார்ச்சில் கைரி அர்விங்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆட்டத்துக்கு வேண்டிய எட்டுப் பேரைத் தேற்றுவதே பாடாகிப்போன இரவுகள் உண்டு. 39 வெற்றி, 43 தோல்வியோடு வந்து, பிளேஆஃபுக்குள் நுழைய நடக்கும் பிளே-இன் சுற்றில் மெம்பிஸிடம் அடி வாங்கி வெளியேறினோம். இதற்கு நடுவில் அடுத்த சீசன் டிக்கெட் விலையை வேறு உயர்த்தினார்கள்.

ஏப்ரல் 9 அன்று லூகா லேக்கர்ஸ் சட்டையில் டல்லாஸுக்கு வந்தார். ஆட்டத்துக்கு முன் அவருடைய பழைய ஆட்டங்களைத் தொகுத்துத் திரையில் ஓட்டினார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எழுந்து போய் 45 புள்ளி எடுத்தார். 112-97 என்று லேக்கர்ஸ் வென்றது. சொந்த அரங்கில், சொந்த அணியின் மேனேஜரை வேலையை விட்டுத் தூக்கு என்று மொத்தக் கூட்டமும் கத்திக்கொண்டிருந்தது. போக விரும்பாத ஒருவரை எதற்காக அனுப்பினோம் என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் விளங்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு கூப்பர் ஃப்ளாக் கிடைத்துவிட்டாரே? எல்லாம் நன்மைக்குத்தானே?

டிராஃப்ட் வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்யும் 2025 லாட்டரியில் முதல் இடம் வர டல்லாஸுக்கு இருந்த வாய்ப்பு 1.8 சதவீதம். அது விழுந்தது, முதல் பிக்கில் ஃப்ளாக் வந்தார். அவர் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் குருட்டு அதிர்ஷ்டத்தைத் தொலைநோக்கு என்று பூசி மெழுகக் கூடாது. 1.8 சதவீதம் என்பது ஒரு திட்டமாக இருக்க முடியாது. அடுத்த சீசனை 3 வெற்றி, 8 தோல்வி என்று தொடங்கியதும், நவம்பர் 11 அன்று ஹாரிசனை வேலையிலிருந்து நீக்கினார்கள். லூகா டிரேட் (ஆட்டக்காரர் பரிமாற்றம்) நடந்து ஒன்பது மாதம் கழித்து.

டிராஃப்ட் பிக்கைக் கொடுத்து நட்சத்திரத்தை வாங்குவதில் என்ன தப்பு? பிக் என்பது வெறும் சீட்டுதானே?

சில நேரம் அது சரியான முடிவுதான். லூகாவைச் சுற்றி அணி அமைக்க டல்லாஸே பல பிக்குகளைக் கொடுத்தது. கைரி அர்விங், பி.ஜே. வாஷிங்டன், டேனியல் காஃபோர்ட் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். 2024-ல் இறுதிச் சுற்று வரை போனதில் அவர்கள் மூவருக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த டிரேடுகள் நடந்தபோது நான் குறை சொல்லவில்லை. 25 வயதுகூட ஆகாத லூகா கையில் இருக்கும்போது எதிர்காலத்தை அடகு வைப்பதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கடனையெல்லாம் வாங்கிய பிறகு லூகாவையே கொடுத்தார்கள். 2027 முதல் 2030 வரை டல்லாஸின் சொந்த முதல் சுற்று பிக்குகள் ஒவ்வொன்றிலும் வேறு ஏதோ ஒரு அணிக்கு ஏதோ ஒரு விதத்தில் உரிமை இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்துக் கடை போட்டவர், கடையை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தவணையை மட்டும் நம் தலையில் கட்டிப் போன மாதிரி.

பிக்கை வெறும் சீட்டு என்று நினைப்பவர்களுக்கு புரூக்ளின் நெட்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். 2013 கோடையில் நெட்ஸ் பாஸ்டனிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெரி மூவரையும் வாங்கியது. கார்னெட்டுக்கு அப்போது 37 வயது, மற்ற இருவருக்கும் 35. பதிலுக்கு 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளையும், 2017-ல் பாஸ்டன் விரும்பினால் தன் பிக்கைக் கொடுத்து நெட்ஸின் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. எதற்கும் பாதுகாப்பு நிபந்தனை இல்லை. அதாவது நெட்ஸ் எவ்வளவு மோசமாக ஆடினாலும், அந்தப் பிக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அது பாஸ்டனுக்குத்தான்.

வந்தவர்களை வைத்து நெட்ஸ் வென்ற பிளேஆஃப் தொடர் ஒன்றே ஒன்று. 2014-ல் டொராண்டோவை 4-3 என்று. அந்தக் கோடையிலேயே பியர்ஸ் போய்விட்டார், அடுத்த பிப்ரவரியில் கார்னெட்டும். 2015-16-ல் நெட்ஸ் 21 ஆட்டம்தான் வென்றது. அதனால் கிடைத்த மூன்றாவது பிக்கில் பாஸ்டன் ஜெய்லன் பிரவுனை எடுத்தது. அடுத்த வருடம் நெட்ஸ் 20 வெற்றியோடு லீகிலேயே கடைசி. முதல் பிக்கே பாஸ்டன் கைக்குப் போனது. பாஸ்டன் அதை பிலடெல்பியாவிடம் கொடுத்து, மூன்றாவது இடத்துக்கு இறங்கி, கூடவே இன்னொரு பிக்கும் வாங்கிக்கொண்டு ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024 இறுதிச் சுற்றில் என் அணியை வீழ்த்தியது அந்த இருவரும்தான். இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஜெய்லன் பிரவுனுக்குத்தான் போனது.

கடைசி இடத்தில் வந்த அணிக்கு அடுத்த வருடமாவது நல்ல இளைஞன் ஒருவன் வருவான் என்ற நம்பிக்கை மிஞ்சும். நெட்ஸ் ரசிகர்களுக்கு அதுவும் இல்லை. தங்கள் அணி தோற்கத் தோற்க, பாஸ்டன் வளர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த நோய் புதிதல்ல. 1980-களின் தொடக்கத்தில் டெட் ஸ்டெப்பியன் என்பவர் கிளீவ்லாந்து கவாலியர்ஸ் அணியின் ஓனராக இருந்தார். கையில் இருந்த முதல் சுற்று பிக்குகளை அவர் வாரி இறைத்த வேகத்தைப் பார்த்து, லீகே தலையிட வேண்டியதாயிற்று. வருங்காலத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்று பிக் இல்லாமல் ஓர் அணி இருக்கக் கூடாது என்று விதி வந்தது. இன்றைக்கும் அதற்கு ஸ்டெப்பியன் விதி என்றுதான் பெயர். ஒரு நிர்வாகியிடமிருந்து அவருடைய அணியையே காப்பாற்றச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். நடுவில் ஓர் ஆண்டு விட்டு பிக்கைக் கொடுப்பது, விட்ட ஆண்டுக்கு மாற்று உரிமை கொடுப்பது என்று இப்போது அந்த விதிக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

அணி தோற்றால் கோச்சை மாற்றுவது இயல்புதானே?

ஒரு முறை மாற்றினால் இயல்பு. வருடா வருடம் மாற்றினால், கோளாறு மாற்றுகிற இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

சாக்ரமெண்டோ கிங்ஸ் 2007 முதல் 2022 வரை தொடர்ந்து 16 சீசன் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. என்.பி.ஏ. வரலாற்றிலேயே நீண்ட வறட்சி அது. அந்தக் காலத்தில் இடைக்காலக் கோச்சுகளையும் சேர்த்தால் பத்துப் பேருக்கு மேல் வந்து போனார்கள். அவர்களில் ஒருவர் மைக்கேல் மலோன். 2014 டிசம்பரில், அணியின் முக்கிய ஆட்டக்காரர் டிமார்கஸ் கசின்ஸ் மூளைக்காய்ச்சலில் ஆடாமல் இருந்த நேரத்தில், 11 வெற்றி 13 தோல்வி என்ற நிலையில் அவரை நீக்கினார்கள். அதே மலோன் 2023-ல் டென்வருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

வறட்சியை முடித்துவைத்தவர் மைக் பிரவுன். 2022-23-ல் 48 வெற்றி, ஆண்டின் சிறந்த கோச் விருது, அதுவும் ஒரு வாக்குகூடச் சிதறாமல். 2024 கோடையில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அந்த டிசம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினாறு வருடம் காத்திருந்த ரசிகர்களுக்குக் கிடைத்த நிம்மதி இரண்டு சீசன்கூட நிலைக்கவில்லை.

பீனிக்ஸ் சன்ஸ் இன்னும் வேகம். 2023-ல் மாண்டி வில்லியம்ஸ், 2024-ல் ஃபிராங்க் வோகல், 2025-ல் மைக் பூடன்ஹோல்ஸர் என்று மூன்று கோடையில் மூன்று கோச்சுகளை அனுப்பினார்கள். வோகலும் பூடன்ஹோல்ஸரும் வேறு அணிகளில் கோப்பை வென்று காட்டியவர்கள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கோச்சிங் மறந்துபோயிருக்காது.

தாராளமாகச் செலவு செய்யும் ஓனர் நல்ல ஓனர் இல்லையா?

கஞ்ச ஓனரைவிட மேல். ஆனால் பணத்தோடு பொறுமையும் வேண்டும். அதே பீனிக்ஸையே பாருங்கள். மேட் இஷ்பியா 2023 பிப்ரவரியில் அணியை வாங்கிய சூட்டோடு கெவின் டுரான்ட்டுக்காக மைக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், பாதுகாப்பில்லாத நான்கு முதல் சுற்று பிக்குகள் என்று அள்ளிக் கொடுத்தார்கள். அந்தக் கோடையிலேயே பிராட்லி பீல். அவருடைய ஒப்பந்தத்தில், அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்யவே முடியாது என்ற நிபந்தனை இருந்தது. அதையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

2024-25-ல் லீகிலேயே அதிகச் சம்பளப் பட்டியல் அவர்களுடையது. முடிவு 36 வெற்றி, 46 தோல்வி. பிளே-இன் சுற்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. டுரான்ட் ஹூஸ்டனுக்குப் போனார். பீலை ஒப்பந்தம் முடித்து அனுப்பி, மீதிப் பணத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிக் கணக்கில் சுமக்கிறார்கள்.

2023-ல் வந்த புதிய ஒப்பந்த விதிகள் இப்படிப்பட்ட அணிகளின் கையைக் கட்டிப்போடுகின்றன. சம்பளம் 'இரண்டாவது ஏப்ரன்' எனும் கோட்டைத் தாண்டினால், இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை டிரேடில் வாங்க முடியாது; ஏழு வருடம் தள்ளியிருக்கும் முதல் சுற்று பிக்கும் முடக்கப்படும். பணத்தால் தவறு செய்யலாம், ஆனால் அந்தத் தவறிலிருந்து பணத்தால் வெளியே வர முடியாது என்ற நிலை.

தோற்றால் ஓனருக்கு நஷ்டம்தானே? அவரே ஏன் கெடுத்துக்கொள்ளப் போகிறார்?

நஷ்டமே இல்லை, அதுதான் விஷயம். ராபர்ட் சார்வர் 2004-ல் பீனிக்ஸ் அணியை 40.1 கோடி டாலருக்கு வாங்கினார். அவர் காலத்தில் 2011 முதல் 2020 வரை பத்து சீசன் தொடர்ந்து பிளேஆஃப் கிடையாது. ஊழியர்களை நடத்திய விதம் குறித்த விசாரணைக்குப் பிறகு லீக் அவரை ஓராண்டு இடைநீக்கம் செய்து ஒரு கோடி டாலர் அபராதம் போட்டது. கடைசியில் அணியை விற்றபோது அதன் மதிப்பு 400 கோடி டாலர். தேசியத் தொலைக்காட்சிப் பணம் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் சமமாக வருகிறது. அணிகள் மொத்தம் முப்பதுதான், வாங்க வரிசையில் நிற்பவர்களோ நிறைய. எப்படி நடத்தினாலும் விலை ஏறும்.

வேண்டுமென்றே தோற்று நல்ல பிக் வாங்குவது புத்திசாலித்தனம் இல்லையா?

எனக்குப் பிடிக்காது. ஆனால் இதில் யோசனை இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். பிலடெல்பியாவில் சாம் ஹிங்கி 2013-ல் வந்து வெளிப்படையாகவே அப்படிச் செய்தார். 2015-16-ல் அணி 10 ஆட்டம்தான் வென்றது, 72 தோல்வி. அந்த சீசன் முடியும் முன்பே ஹிங்கி ராஜினாமா செய்தார். சேர்த்துவைத்ததை அடுத்து வந்தவர்கள் செலவழித்தார்கள். டேட்டமுக்குப் பதிலாக மார்கல் ஃபுல்ட்ஸை எடுத்தது அந்தக் கணக்கில்தான்.

2019 முதல் லாட்டரி விதியையும் மாற்றிவிட்டார்கள். முன்பு கடைசி இடத்து அணிக்கு முதல் பிக் வர 25 சதவீத வாய்ப்பு இருந்தது. கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று அதைக் குறைத்தார்கள்.

என் வருத்தம் இளம் ஆட்டக்காரர்களைப் பற்றியது. இருபது வயதுப் பையன் எழுபது தோல்விகளுக்கு நடுவில் என்ன கற்றுக்கொள்வான்? நான்காவது குவார்ட்டரில் நெருக்கடியான நேரத்தில் பந்தை யாரிடம் கொடுப்பது என்பதை, வெல்ல முயலும் அணியில் இருந்தால்தான் கற்க முடியும்.

நடந்து முடிந்த பிறகு குறை சொல்வது சுலபம். வெளியே உட்கார்ந்து பார்க்கும் ரசிகருக்கு என்ன தெரியும்?

நியாயமான கேள்வி. பின்னால் தெரிந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவைத் திட்டக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அன்றைக்குக் கையில் இருந்த தகவல் என்ன என்பதுதான் அளவுகோல்.

டென்வரின் நட்சத்திரம் நிகோலா யோகிச் 2014-ல் 41-ஆவது பிக். அவர் பெயரை அறிவித்த நேரத்தில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரை எடுத்த டென்வரே முதல் சுற்றில் இரண்டு பேரை எடுத்துவிட்டுத்தான் அவரிடம் வந்தது. எல்லோரும் தவறவிட்ட ஒருவருக்காக எந்த மேனேஜரையும் திட்ட மாட்டேன். பின்னால் பெரிய நட்சத்திரமான கியானிஸ் அன்டெடோகும்போ 15-ஆவது பிக் ஆனதற்கும் அப்படித்தான்.

2018 டிராஃப்டை அப்படி விட முடியாது. லூகா அப்போதே ஐரோப்பியக் கோப்பையை ஸ்லோவேனியாவோடு வென்றவர், ரியல் மாட்ரிட்டோடு ஐரோப்பிய கிளப் தொடரான யூரோலீகை வென்றவர், 19 வயதில் யூரோலீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். வளர்ந்த ஆட்களோடு மோதி ஜெயித்துக் காட்டிய பையன். முதல் பிக் பீனிக்ஸிடம் இருந்தது. ஸ்லோவேனியாவுக்கு அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கோச் இகோர் கோகோஷ்கோவைத்தான் அவர்கள் புதிதாக வேலைக்கு எடுத்திருந்தார்கள். அப்படியும் டியாண்ட்ரே ஏட்டனை எடுத்தார்கள். இரண்டாவது பிக்கில் சாக்ரமெண்டோ மார்வின் பேக்லியை எடுத்தது. மூன்றாவதில் அட்லாண்டா லூகாவை எடுத்து, அன்றிரவே டல்லாஸிடம் கொடுத்து, டிரே யங்கையும் இன்னொரு முதல் சுற்று பிக்கையும் வாங்கிக்கொண்டது. இங்கே தகவல் பஞ்சமே இல்லை. மேஜை மேல் இருந்ததைப் பார்க்காமல் போனதற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

லூகாவை விற்ற அன்றும் அப்படித்தான். அது தவறு என்பதைப் புரிந்துகொள்ள எவருக்கும் அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையே ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே டர்க் சிலைக்குப் பக்கத்தில் கூடிவிட்டார்கள்.

அப்படியென்றால் நல்ல நிர்வாகம் எப்படி இருக்கும்?

ஓக்லஹோமா சிட்டி தண்டரைப் பாருங்கள். 2019-ல் பால் ஜார்ஜ் தன்னை கிளிப்பர்ஸுக்கு அனுப்பச் சொன்னார். அணியின் ஜெனரல் மேனேஜர் சாம் பிரெஸ்டி பதறவில்லை. 20 வயது ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர், டனிலோ கல்லினாரி, ஐந்து முதல் சுற்று பிக்குகள், இரண்டு மாற்று உரிமைகள் என்று வாங்கினார். அந்தப் பிக்குகளில் ஒன்றில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். ஷேயும் அவரும் சேர்ந்து 2025-ல் இந்தியானாவை ஏழு ஆட்டத் தொடரில் வீழ்த்திக் கோப்பை வாங்கினார்கள். நடுவில் இரண்டு சீசன் 22, 24 வெற்றிதான். கோச் மார்க் டைக்னால்ட்டை யாரும் தொடவில்லை.

அவ்வளவு காலம்கூடத் தேவையில்லை என்று காட்டியது டெட்ராய்ட். 2023-24-ல் தொடர்ந்து 28 தோல்வி. ஒரே சீசனுக்குள் அதுதான் மிக மோசமான சாதனை. 14 வெற்றியோடு முடித்தார்கள். ஆறு வருட ஒப்பந்தத்தில் வந்த மாண்டி வில்லியம்ஸை ஒரே வருடத்தில் அனுப்பினார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற டிராஜன் லாங்டன் பெரிய சூதாட்டம் எதுவும் ஆடவில்லை. கேட் கன்னிங்ஹாமைச் சுற்றி டோபியாஸ் ஹாரிஸ், மலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று பந்தைக் கூடைக்குள் போடத் தெரிந்த அனுபவசாலிகளைச் சேர்த்தார். கோச்சாக ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். அடுத்த சீசனில் 44 வெற்றி. கன்னிங்ஹாம் இரண்டு வருடமும் அங்கேதான் இருந்தார். அவருக்கு இடம் விட்டு, மூலையில் நின்று மூன்று புள்ளி போட ஆள் வேண்டும் என்ற சின்ன விஷயத்தை முந்தைய நிர்வாகம் கவனிக்கவில்லை. அந்த 28 தோல்விகளையும் உட்கார்ந்து பார்த்த டெட்ராய்ட் ரசிகர்களை நினைத்தால், அந்த 44 வெற்றிகளில் எனக்கே பங்கு இருப்பது போல ஒரு சந்தோஷம்.

இவ்வளவு வேதனை எதற்கு? நன்றாக ஆடும் வேறு அணிக்கு மாறிவிடலாமே?

லூகாவோடு லேக்கர்ஸ் பக்கம் போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னால் முடியவில்லை. டர்க் 21 சீசன் ஒரே அணியில் ஆடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர் ஆடிய அணி இது. நிகோ ஹாரிசன் வருவதற்கு முன்பே இருந்தது, அவர் போன பிறகும் இருக்கிறது.

அடுத்த டிரேட் செய்தி வரும்போது ஒரு ரசிகர் எதைக் கவனிக்க வேண்டும்?

பெயர்களைப் பார்த்ததும் துள்ள வேண்டாம். முதலில் வருபவரின் வயதையும் ஒப்பந்தம் எந்த ஆண்டு வரை என்பதையும் பாருங்கள். அப்புறம் கொடுத்த பிக்குகள் எந்தெந்த ஆண்டுக்கானவை, பாதுகாப்பு நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். வேறு எத்தனை அணிகளோடு பேசினார்கள் என்ற செய்தியைத் தேடுங்கள். கடைசியாக, இந்த டிரேடைச் செய்த மேனேஜரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். கொடுத்த பிக்கின் ஆண்டு அதற்குப் பிறகு வருகிறதென்றால், பத்திரிகையாளர் சந்திப்பில் அவரிடம் யாராவது அதைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள்.